டைபாய்டு யாரிடமிருந்து வந்தது? கிருமியின் மரபணு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கருங்கல் பக்கம் உள்ள தங்கள் தெருவில் ஆறு வாரத்துக்குள் ஏழு பேருக்கு டைபாய்டு என்று சொல்லப்பட்டதாகவும், அவர்களில் ஐந்து பேர் ஒரே நிச்சயதார்த்த விருந்தில் சாப்பிட்டவர்கள் என்பதால் ஊரார் சமையல்காரரைக் கை காட்டுவதாகவும், கொரோனா காலத்தில் செய்ததுபோல் மரபணுச் சோதனை செய்தால் அவர்தான் காரணமா என்று உறுதியாகத் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விருந்து நடந்த நான்காம் நாளே முதல் ஆளுக்குக் காய்ச்சல் கண்டது என்றும், ஏழு பேருக்கும் விடால் பரிசோதனை மட்டுமே எடுக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு தகவல்களுமே என் பதிலில் பாதியைத் தீர்மானித்துவிடுகின்றன. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான விடை. இந்த ஏழு பேரைப் பொறுத்தவரை மரபணுச் சோதனைக்கு வழியில்லை, ஏனெனில் சோதிப்பதற்குக் கிருமியே கையில் இல்லை. 1896-இல் ஃபெர்னான் விடால் வகுத்த அந்தப் பரிசோதனை நம் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது, கிருமியைப் பார்ப்பதில்லை. முன்பு எப்போதோ வந்த தொற்று, போட்ட தடுப்பூசி, டைபாய்டு கிருமிக்கு உறவான வேறு சால்மொனெல்லா, சில நேரம் வேறு காய்ச்சல்கூட அதை ‘பாசிட்டிவ்’ ஆக்கக்கூடும். நம் ஊர்களில் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்கிரப் டைபஸ் எல்லாம் ஒரே மழைக்காலத்தில் வருவதால், உங்கள் ஏழு பேரில் எத்தனை பேருக்கு உண்மையில் டைபாய்டு என்பதே இப்போது திறந்த கேள்வி. கொரோனாவில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியிலேயே வைரஸ் ஏராளமாக இருந்தது; அதிலிருந்து நேராக மரபணுவைப் படித்தார்கள். டைபாய்டு நோயாளியின் இரத்தத்திலோ ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாமல் இருப்பது சாதாரணம். அதை வளர்த்துப் பெருக்கினால்தான் எதையும் படிக்க முடியும்.

அந்த வளர்ப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். பெரியவர் என்றால் எட்டு முதல் பத்து மில்லி இரத்தம், அதுவும் முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை விழுவதற்கு முன்பு, ஊட்டநீர் உள்ள குப்பியில் ஏற்றப்பட வேண்டும். குப்பி 37 டிகிரி வெப்பத்தில் வைக்கப்படும். கிருமி வளர்ந்தால் கருவி அறிவிக்கும். அதன் பிறகு அதை மக்காங்கி என்ற ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் தீற்றுகிறோம். மறுநாள் காலை ஈ.கோலி என்ற குடல் கிருமி என்றால் தட்டு இளஞ்சிவப்பாகச் சிரிக்கும். டைபாய்டு கிருமி என்றால் நிறமற்ற, பனித்துளி போன்ற சிறு புள்ளிகளாக நிற்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் எதிர்ச்சீரத்தோடு, அதாவது அந்தக் கிருமிக்கான எதிர்ப்புப் பொருள் உள்ள நீரோடு, கலக்கினால் தயிர் திரிவதுபோல் திரியும். அப்போதுதான் ‘சால்மொனெல்லா டைஃபி’ என்று கையெழுத்துப் போடுகிறோம். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இரத்த வளர்ப்பு உண்மை நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேரைத்தான் பிடிக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்துக்கு வந்த குப்பிகளில் பல, நான்கைந்து நாள் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் தின்ற பிறகு எடுத்த இரண்டு மில்லி இரத்தத்தோடு வந்தவை. அவற்றில் ஒன்றும் வளராததைப் பார்த்து ‘டைபாய்டு இல்லை’ என்று எழுதிவிடுவார்களோ என்பதே என் கவலையாக இருக்கும்.

இனி, கிருமி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 48 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரே வளையம். முழுமையாக முதலில் படிக்கப்பட்டது வியட்நாமில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ‘சிடி18’ என்ற கிருமி. அது வெளிவந்தது 2001-இல். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. விலங்குகளிலும் வாழும் உறவுக்காரச் சால்மொனெல்லாக்களுக்குப் பயன்படும் கருவிகள் இதற்குத் தேவைப்படவில்லை, ஏனெனில் இது மனிதனை மட்டுமே வீடாகக் கொண்டது. கோழியிடமிருந்தோ ஆட்டிடமிருந்தோ டைபாய்டு வராது. ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால், நேராகவோ தண்ணீர் வழியாகவோ, இன்னொரு மனிதர் இருக்கிறார். தேடலை இது எளிதாக்குகிறது. ஊராரின் சந்தேகம் ஒரு மனிதர்மேல் போய் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது வளர்ந்த கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்து, நூற்றைம்பது எழுத்து அளவுள்ள துண்டுகளாகக் கருவி லட்சக்கணக்கில் படிக்கும். அந்தத் துண்டுகளைச் சிடி18-இன் மீது வரிசையாகப் பொருத்தி, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று கணினி எண்ணும். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்ற அந்த எண்ணிக்கைதான் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. பழைய முறைகளால் இந்த நுணுக்கம் முடியவில்லை. 1938-இல் வந்த ஃபாஜ் வகைப்பாடு, அதாவது எந்த வைரஸ் இந்தக் கிருமியைக் கொல்லும் என்று பார்த்துப் பிரிப்பது, பல பத்தாண்டுகள் உலகெங்கும் உதவியது; ஆனால் ஒரே வகை நாடு முழுவதும் நிறைந்திருக்கும் இடத்தில், இரண்டு பேருக்கும் அதே வகை என்றால் அதில் செய்தி ஒன்றும் இல்லை.

உங்கள் கேள்வியின் முடிச்சு அடுத்து வருவது. டைபாய்டு கிருமி மிக மெதுவாக மாறுவது. மொத்தத் தொகுதியிலும் ஆண்டுக்குச் சராசரியாக ஓர் எழுத்துகூட முழுதாக மாறுவதில்லை. பாதிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆறு வாரத்தில் ஒரே ஊற்றிலிருந்து நோய் பெற்றவர்களின் கிருமிகள் முற்றிலும் ஒன்றாகவோ, ஓரிரு எழுத்து வேறுபாட்டுடனோ இருக்கும். மாறாக, சமையல்காரரின் கிருமிக்கும் நோயாளியின் கிருமிக்கும் இருபது எழுத்து வேறுபாடு இருந்தால், இரண்டு கிளைகளும் தலைக்குப் பத்து மாற்றம் சேர்க்க ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சென்ற மாதப் பந்தியில் நடந்த விவகாரம் அல்ல அது. விலக்குவதில் இந்த முறை இவ்வளவு உறுதியானது. குற்றம் சாட்டுவதில் அந்த உறுதி கிடையாது. இரண்டு கிருமிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்கூட, அவர் இவருக்குக் கொடுத்தாரா, இவர் அவருக்குக் கொடுத்தாரா, இருவரும் ஒரே கிணற்றிலிருந்து பெற்றார்களா, அல்லது அந்த வம்சம் மூன்று ஆண்டுகளாக வட்டாரம் முழுக்க மாறாமல் உலவுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. மாற்றம் மெதுவாக நடக்கும் கிருமியில் ஒற்றுமை மலிவானது. வேறுபாடுதான் விலை உள்ளது. இதை அறியாமல் ‘மரபணு பொருந்திவிட்டது’ என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் ஒருவரின் பிழைப்பு போய்விடும்.

சமையல்காரர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது, தனக்குக் காய்ச்சல் இல்லாமலே பிறருக்கு டைபாய்டு கொடுத்த நியூயார்க் சமையல்காரி மேரி மலன். 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில் ஒரு வீட்டிலிருந்த பதினொரு பேரில் ஆறு பேருக்கு நோய் வந்தது. ஜார்ஜ் சோப்பர் என்ற பொறியாளர், அவள் முன்பு வேலை செய்த வீடுகளைத் தேடிச் சென்று, எந்த வீட்டில் எப்போது யார் படுத்தார்கள் என்று பட்டியல் போட்டே அவளைக் கண்டுபிடித்தார். 1907 முதல் 1910 வரையும், பின்னர் 1915 முதல் 1938-இல் இறக்கும் வரையும் அவள் தனித்து வைக்கப்பட்டாள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் இப்படிக் காய்ச்சல் இல்லாமல் பித்தப்பையில் கிருமியைச் சுமப்பவர்கள் ஆகிறார்கள். பித்தக்கல் இருந்தால் அதன்மேல் கிருமி பாசிபோல் படிந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். எனவே சமையல்காரர்மேல் சந்தேகம் எழுவது அறிவுக்குப் பொருந்தாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோப்பருக்குக் கைகொடுத்தது தேதிகள்தான். உங்கள் தேதிகளைப் பாருங்கள்: கிருமி உடலுக்குள் போய் காய்ச்சல் எழப் பொதுவாக எட்டு முதல் பதினான்கு நாள் ஆகும். நான்காம் நாளில் படுத்தவர் அந்த விருந்தில் வாங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே வேளைச் சாப்பாட்டிலிருந்து வந்திருந்தால் பெரும்பாலோர் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கும்பலாகப் படுத்திருக்க வேண்டும். ஆறு வாரம் நீண்டு சொட்டுச் சொட்டாக வருவது, நின்றுபோகாத ஓர் ஊற்று அருகில் இருப்பதைக் காட்டும் அடையாளம். ஐந்து பேர் விருந்துக்குப் போனார்கள் என்பதும் பெரிய செய்தியல்ல. உங்கள் தெருவில் போகாதவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு இங்கே அப்படியே பொருந்துகிறது, 2011-இல் வெளிவந்தது. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, இரத்தத்திலிருந்து வளர்த்த கிருமிகளின் மரபணு வகையையும் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் சில இடங்களில் திரும்பத் திரும்பக் குவிந்தது; அந்த இடங்களில் மக்கள் நெருக்கம் அதிகம் என்பது காரணமாக இல்லை. பழைய கல் நீர்த்தாரைகளின் அருகே இருந்தவர்களுக்கும், மேட்டைவிடப் பள்ளத்தில் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் அடுத்தடுத்துப் படுத்தவர்களின் கிருமிகள் ஒரே வகையாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பலநேரம் அவை வெவ்வேறு வகைகளாக இருந்தன. அதாவது நோய் ஆளிடமிருந்து ஆளுக்குச் சங்கிலியாகத் தாவவில்லை. மேட்டிலிருந்து பலருடைய கழிவு இறங்கி நிலத்தடி நீரில் கலந்து, அந்தக் கலவையிலிருந்து ஆளுக்கொரு வகை கிடைத்திருக்கிறது. மரபணு இல்லாமல் வெறும் வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் ‘பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்தான்’ என்று முடித்திருப்பார்கள்.

நம் மேற்குப் பக்கத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வீட்டுக்கு வீடு கிணறு. வெட்டுகல் மண் தண்ணீரைத் தங்கவிடாமல் கீழே விடும் மண். பாட்டன் காலத்தில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த புரையிடம் மூன்று பிள்ளைகளுக்குப் பாகமாகி, மூன்று வீடு, மூன்று செப்டிக் டேங்க் ஆகிவிட்டது. கிணறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடவப்பாதியிலும் துலாமழையிலும் ஆண்டுக்கு இருமுறை நீர்மட்டம் ஏறிக் குழிகளைத் தொடுகிறது. கிணற்றுத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவும் வாய்க்கு இனிப்பாகவும் இருப்பதால், குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்படுபவர்கள்கூடக் கிணற்றைச் சந்தேகிப்பதில்லை. உங்கள் தெரு சரிவில் இருக்கிறதென்றால், ஏழு வீடுகளையும் மேடு பள்ளத்தோடு ஒரு தாளில் வரைந்து, எந்த வீடு எந்தக் கிணற்றில் குடிக்கிறது என்று குறித்துவிட்டு, அதற்குப் பிறகு சமையல்காரரைப் பற்றிப் பேசலாம்.

கிருமி நீண்ட தூரம் போகும் கதையில் மரபணு செய்த உதவி இதைவிடத் துலக்கமானது. 1948-இலிருந்து டைபாய்டுக்கு மருந்தாக இருந்த குளோராம்ஃபெனிகாலை எதிர்க்கும் கிருமி, 1972-இல் நமக்கு எட்டும் தூரத்தில், கோழிக்கோட்டில், கொள்ளைநோயாகக் கிளம்பியது. மெக்சிகோவிலும் ஏறத்தாழ அதே நேரத்தில். 1980-களின் இறுதியில் குளோராம்ஃபெனிகால் உட்பட மூன்று பழைய மருந்துகளையும் ஒருசேர எதிர்க்கும் வகை வந்தது. இந்தக் கிளைகளைப் பின்னோக்கிப் படித்தபோது ‘எச்58’ என்ற ஒரே வம்சம் தெற்காசியாவில் தோன்றி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மற்ற வகைகளை ஓரங்கட்டியது புலப்பட்டது. 63 நாடுகளின் கிருமிகளை ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வு இதை விளக்கமாகக் காட்டியது. இந்தியாவில் இன்று பெரும்பான்மையாக இருப்பது அதன் 4.3.1.2 என்ற உட்கிளை. டி.என்.ஏ. முறுக்கைக் கையாளும் நொதிகளின் மரபணுக்களில் இரண்டு மூன்று எழுத்து மாறியதால் சிப்ரோஃபிளாக்சசின் என்ற மருந்து அதன்மேல் வேலை செய்வதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016 இறுதியில் தொடங்கியது இன்னும் மோசம்: எச்58 கிருமி வேறொரு குடல் பாக்டீரியாவிடமிருந்து பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்றை வாங்கிக்கொண்டு செஃப்ட்ரையாக்சோன் என்ற ஊசி மருந்தையும் எதிர்த்தது. 2022-இல் வெளிவந்த, 7,658 மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்த ஆய்வு, மருந்தை எதிர்க்கும் டைபாய்டு 1990 முதல் நாடு விட்டு நாடு குறைந்தது 197 முறை தாண்டியிருக்கிறது என்று கணக்கிட்டது.

தூத்தூரிலிருந்தும் சின்னத்துறையிலிருந்தும் விசைப்படகில் ஏறிக் கொச்சியிலும் குஜராத்திலும் கரை தொட்டு மாதக்கணக்கில் கழித்து வருபவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், கார்த்திகை மார்கழியில் குமரிக்கு வந்து போகும் ஐயப்ப பக்தர்கள், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் என்று இந்தச் சிறு மாவட்டம் வாசல் திறந்த வீடு. இவர்களில் யாரையாவது சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆதாரம் வேண்டும். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. கிருமிகளின் உறவைக் காட்டும் மரபணு மரம் வரையும்போது, எந்தக் கிருமிகள் படிக்கப்பட்டிருக்கின்றனவோ அவற்றுக்குள்தான் நெருங்கிய உறவைத் தேட முடியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல ஆண்டுகளாகக் கிருமிகளின் மரபணுவைப் படித்து வைத்திருப்பதால், நம் மாவட்டத்துக் கிருமி ஒன்றைப் பொருத்தினால் ‘வேலூருக்கு நெருக்கம்’ என்று வரலாம். உண்மையில் அது களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கக்கூடும். விளவங்கோட்டு நோயாளிகளில் பலர் சிகிச்சைக்கு அந்தப் பக்கம்தான் போகிறார்கள். அவர்களின் இரத்தக் குப்பியும் பதிவும் இன்னொரு மாநிலத்தில் தங்கிவிடுகின்றன. மரத்தில் இல்லாத கிளை, உலகத்திலும் இல்லை என்று பொருளாகாது.

நம் நாட்டில் நோய் எங்கே எவ்வளவு என்பதற்குக்கூட அண்மையில்தான் நம்பத்தக்க அளவீடு கிடைத்தது. 2017-இல் தொடங்கி டெல்லி, கொல்கத்தா, வேலூர், புனே பகுதிகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, காய்ச்சல் வந்தபோதெல்லாம் இரத்தம் வளர்த்த ஆய்வில், நகர்ப்புறங்களில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரையும், புனே அருகே கிராமப்புறத்தில் 35-உம் டைபாய்டு உறுதியானது. கிராமமும் நகரமும் பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக் கிடக்கும் நம் மாவட்டம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பது குப்பிகள் நிறைந்தால் தெரியும்.

இனி நடைமுறை. கிருமி கிடைத்தால் அதைப் படிக்க மாநிலத்துக்குள்ளேயே இடமுண்டு: 2021-இல் சென்னை தேனாம்பேட்டையில் கொரோனாவுக்காகத் தொடங்கிய மரபணு ஆய்வகம் இருக்கிறது, வேலூரும் இருக்கிறது. தனி ஆள் போய்க் கேட்டால் நடக்காது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சுகாதார அலுவலர் அலுவலகத்துக்கு ஏழு பேரின் பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, தண்ணீர் எடுக்கும் இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், நோய்க் கண்காணிப்புப் பிரிவு வழியாக அது நகரும். சமையல்காரரைச் சோதிக்க வேண்டுமென்றால் அவர் சம்மதத்தோடு, வெவ்வேறு நாளில் மூன்று முறை மலம் வளர்த்துப் பார்ப்பது முறை. ஒருமுறை வராததால் இல்லை என்று ஆகாது. கிணற்றுத் தண்ணீரிலிருந்து டைபாய்டு கிருமியை வளர்ப்பது மிக அரிது. கோலிஃபார்ம் என்ற குடல் கிருமிக் கூட்டத்தைப் பார்த்தால் போதும், மலக்கழிவு கலந்ததா என்பது தெரிந்துவிடும்.

கிணற்றை அதுவரை காத்திருக்க வைக்க வேண்டாம். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் இருபத்துமூன்று இருபத்துநான்கு கிராம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிநீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி நன்றாக அசைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கலாம். தண்ணீர் அழுக்காக இருந்தால் அளவு கூடும். சுகாதார ஆய்வாளரிடம் குளோரின் பார்க்கும் பெட்டி உண்டு, கேளுங்கள். அதற்குப் பிறகும் குடிப்பது கொதிக்க வைத்த தண்ணீராகவே இருக்கட்டும். ஆறு மாதக் குழந்தை முதல் ஒரே தவணையாகப் போடும் இணைப்பு வகைத் தடுப்பூசியைப் பற்றி வீட்டில் சிறுவர்கள் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசலாம்.

ஏழு பேரும் மருந்து தின்று தேறிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடமிருந்து இனி இரத்தத்தில் கிருமி கிடைக்காது. தெருவில் அடுத்து யாருக்காவது மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், விடால் சீட்டோடு திரும்பி வந்துவிடாமல், மாத்திரை தொடங்கும் முன் இரத்த வளர்ப்புக்கு எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை என்றால் குப்பியின் அளவு வேறு, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிருமி வளர்ந்தது என்று தகவல் வந்ததும், தட்டை அழித்துவிட வேண்டாம், கிருமியைக் கிளிசரினில் போட்டு உறைகுளிரில் வையுங்கள் என்று ஆய்வகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பல இடங்களில் அறிக்கை போனதும் தட்டு, நீராவியில் கிருமியை அழிக்கும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும்.